நிறுத்தக் கூடாத மாத்திரை

நம் சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் சுரப்பிகள் அமைந்துள்ளன. ஒரு சுரப்பியின் எடை ஏறத்தாழ 5 கிராம். அதன் வெளிப்பகுதியில் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் தாழ்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அங்கேயே சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் உடலின் உப்பையும் நீரையும் காக்கிறது. இவை, குறிப்பாகக் கார்டிசால், தேவைக்குக் குறைவாகச் சுரப்பதையே அட்ரீனல் குறைபாடு என்கிறோம்.

காரணங்கள்

சுரப்பியே பழுதுபடுவதால் வரும் நோயை 1855ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தார். அவர் காலத்தில் காசநோய் அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. நம் நாட்டில் இன்றும் அந்நிலை முற்றிலும் மாறவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கி அழிப்பதும் உண்டு.

இவற்றினும் மிகுதியாகக் காணப்படும் காரணம் வேறு. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் போன்றவற்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு மேல் உட்கொள்ளும்போது, அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி தன் பணியைக் குறைத்துக்கொள்கிறது. தூண்டுதலின்றி அட்ரீனலும் ஓய்ந்துபோகிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடலில் கார்டிசாலும் இராது, மருந்தும் இராது. உள்ளடக்கம் இன்னதென்று எழுதப்படாத மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.

அறிகுறிகள்

நீங்காத சோர்வு, பசியின்மை, எடை குறைதல், எழுந்து நிற்கையில் தலைசுற்றல் ஆகியன பொதுவானவை. சுரப்பியே பழுதுபட்டிருந்தால் உப்பின்மீது மிகுந்த நாட்டம் தோன்றலாம். உள்ளங்கை ரேகைகள், ஈறு, நாக்கு, பழைய தழும்புகள் ஆகியவை கருமையடையலாம். காலை எட்டு மணியளவில் எடுக்கும் கார்டிசால் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஊசி செலுத்திச் செய்யும் தூண்டல் பரிசோதனையும் நோயை உறுதிப்படுத்தும்.

சிகிச்சை

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்துவோர் உளர். இந்நோய்க்குத் தரப்படும் ஹைட்ரோகார்டிசோன், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து வழங்கப்படுகிறது. உடல் தானே சுரந்திருக்க வேண்டியதை இது ஈடு செய்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இம்மருந்தை விரைவில் சிதைத்துவிடும். அதனை உட்கொள்வோருக்கு அளவைக் கூட்ட நேரிடும். விரதம் இருக்க விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்து பேச வேண்டும்.

காய்ச்சல் வந்தால்

குடும்பத்தினர் மறவாதிருக்க வேண்டிய பகுதி இது. நலமுள்ளவருக்குக் காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை ஆகிய வேளைகளில் கார்டிசால் தானாகவே பன்மடங்கு சுரக்கும். அட்ரீனல் குறைபாடு உள்ளவருக்கு அது சுரக்காது. மருந்தின் அளவை நாம்தான் கூட்ட வேண்டும். பொதுவாக, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் அளவு இருமடங்காகவும், 102-ஐத் தாண்டினால் மும்மடங்காகவும் உயர்த்தப்படுகிறது. உங்களுக்குரிய அளவை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் தணிந்தபின் அவர் கூறியவாறு பழைய அளவுக்குத் திரும்பலாம். பல் பிடுங்குவதாயினும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் மாத்திரை உடலில் சேராது. கடும் வயிற்றுவலி, மிகுந்த தளர்ச்சி, குழப்பம், மயக்கம் ஆகியவை உயிருக்கு ஆபத்தான நிலையின் அறிகுறிகள். அப்போது காத்திருத்தல் கூடாது. 108-ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஊசி போடும் முறையைக் கற்றிருந்தால், வீட்டில் வைத்துள்ள 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தசையில் செலுத்திவிட்டுப் புறப்படுங்கள்.

பணப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கட்டும். அதில் எழுத வேண்டியது இவ்வளவே: “எனக்கு அட்ரீனல் குறைபாடு உள்ளது. நான் வாந்தி எடுத்தாலோ, மயங்கிக் கிடந்தாலோ, விபத்துக்குள்ளானாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசி செலுத்துங்கள்.”