மதகு உடைந்தால் யாரிடம் முறையிடுவது?

ஊரில் ஒழுங்கையோரத்து மதகு உடைந்தால், முன்பெல்லாம் கிராமசபைத் தலைவரின் படலையைத் தட்டலாம். ஊர் அவரைச் ‘சேர்மன்’ என்றே அழைத்தது. அவர் உறவினரோ பகையாளியோ, எவராயினும் ஊரவர். மறுமொழி கூறாமல் சந்தைக்குப் போய்வர அவரால் இயலாது.

1981 இல் இலங்கை அரசு கிராமசபைகளையும் பட்டினசபைகளையும் ஒழித்து, மாவட்ட அபிவிருத்திச் சபைகளை அமைத்தது. அதிகாரத்தைக் கீழிறக்குவதாகக் கூறப்பட்ட இச்சீர்திருத்தம், ஊரின் கையிலிருந்ததையும் மாவட்டத்துக்கு ஏற்றிவிட்டது. அதற்கும் மேலே சனாதிபதி நியமித்த மாவட்ட அமைச்சர். யாழ்ப்பாணத்தில் அத்தேர்தல் 1981 யூன் 4 இல் நடைபெற்றது. அதற்குச் சில நாள் முன்னர் மாநகரசபைக்குரிய பொதுநூலகம் எரிக்கப்பட்டதை எம்மவர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. போதிய நிதியோ அதிகாரமோ இன்றி அச்சபைகள் சில ஆண்டுகளிலேயே நலிந்தன.

1987 இல் 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளையும், அதே ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளையும் தந்தன. ஆயினும் வரி விதிக்கும் நியதிச் சட்டமொன்றை ஆளுநரின் பரிந்துரையின்றி மாகாண சபையில் முன்வைக்க முடியாது. ஆளுநரை நியமிப்பவரோ சனாதிபதி. பிரதேச மட்டத்தில் இன்னொரு சிக்கல். பிரதேச சபை, பிரதேச செயலகம் என்னும் பெயர்களிடையே மயங்குவோர் பலர். முன்னது மக்கள் தெரிவு செய்வது. பின்னது மத்திய அரசின் அலுவலகம். கிராம அலுவலரும் பின்னதற்கே கட்டுப்பட்டவர். வீதிவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், சிறு வீதி எல்லாம் முன்னதன் தலையில்.

தேர்தலும் கொழும்பின் வசதிப்படியே. 2018 இல் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 இல் முடிந்தபோது, பணமில்லை என்று தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களிப்போ 2025 மே மாதத்திலேதான் நடந்தது. அதுவரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினர். 2018 ஒற்றோபரில் காலம் முடிந்த வடமாகாண சபைக்கு 2025 முடியும்வரையும் தேர்தல் இல்லை.

இவ்வெற்றிடத்தையே நாம் ஊர்ச் சங்கப் பணத்தால் நிரப்பி வருகின்றோம். ஒழுங்கை போடுகின்றோம், மின்விளக்குப் பொருத்துகின்றோம். குற்றமில்லை. ஆனால், நாம் போட்ட ஒழுங்கை அடுத்த மாரியில் கரைந்தால் பொறுப்பு யாருடையது? பணம் அனுப்புமுன், அவ்வீதி பிரதேச சபையின் பதிவேட்டில் உள்ளதா, பராமரிப்பைச் சபை ஏற்குமா என எழுத்தில் கேட்டுப் பெறுமாறு சங்கங்களை வேண்டுகின்றோம். சபை மறுத்தால் அம்மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் ஊரவர் அதனை நீட்டலாம்.