‘சீ’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் கற்கப் புகும் நம் சிறுவர் முதலிற் சந்திக்கும் வினைச்சொற்களுள் ‘சீ’ என்பதும் ஒன்று. நம் செவிக்கு அது வெறுப்பை உணர்த்தும் ஒலியாதலின் வகுப்பில் நகை எழுவது வழக்கம். நகை அடங்கியதும் ஆசிரியர், “சீ என்றாற் பார்” என்பர். மாணவரும் அவ்வாறே ஏட்டில் எழுதிக்கொள்வர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லே நேர் என்னும் மயக்கம் அங்கே வேரூன்றுகின்றது. அதன் விளைவு பல ஆண்டுகளின் பின்னரே புலப்படும்.

எமது வகுப்பில் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். தந்தையை இழந்த மாணவனொருவனைக் கோலாலம்பூரிற் கடமையாற்றிய தாய்மாமன் பொருளுதவி செய்து படிப்பித்தார். ஆங்கிலத்திற் கடிதம் வரைதலே கல்விக்கு அடையாளமெனக் கருதப்பட்ட காலம் அது. பரீட்சையிற் சித்தியெய்திய அவன் மாமனுக்கு நன்றிக் கடிதமொன்று எழுதி, அனுப்புமுன் ஆசிரியரிடம் காட்டினான். ‘இறுதிவரை என்னைத் தாங்கி நடத்தினீர்கள்’ என்னும் கருத்தில் ‘யூ சோ த்றூ மீ’ என்று எழுதியிருந்தான். அதன் பொருளோ, ‘என் உள்ளத்துக் கள்ளத்தைக் கண்டுகொண்டீர்கள்’ என்பதாம். ஆசிரியர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, ஈற்றிலிருந்த ஒரு சொல்லை முன்னே கொணர்ந்து, ‘யூ சோ மீ த்றூ’ எனத் திருத்தினார். குற்ற ஒப்புதலாய் இருந்தது நன்றியுரையாயிற்று. சொற்கள் மாறவில்லை, நின்ற முறையே மாறியது.

‘சீ’ என்பதன் முதற்பொருள் கண்ணாற் காண்டல். அதினின்றும் ஏனைய பொருள்கள் கிளைத்தன. ஒருவர் விளக்கிக் கூறியதைக் கேட்டு ‘ஐ சீ’ எனின், ‘விளங்கிற்று’ என்பது கருத்து. இது நமக்கு வியப்பன்று. ‘விளங்குதல்’ என்னும் நமது சொல்லும் ஒளிர்தலையும் அறிவிற் புலப்படுதலையும் ஒருங்கே குறிக்கும். வைத்தியரைச் ‘சீ’ பண்ணுதல் அவரிடஞ் சென்று ஆலோசனை பெறுதல். ஒருவரை வீடுவரை ‘சீ’ பண்ணுதல் உடன்சென்று விடுதல். ‘சீ ஓஃப்’ என்பது புகைவண்டி நிலையத்திலோ துறைமுகத்திலோ நின்று வழியனுப்புதல். ‘சீ டு’ என்பது ஒரு காரியத்தைப் பொறுப்பேற்று முடித்தல். நல்ல நாள்களை ‘சீ’ பண்ணிய வீடு என்றால், வாழ்ந்து கெட்ட வீடு என்க. மேற்றிராணியாரின் ஆசனத்தைக் குறிக்கும் ‘சீ’ யோ இவற்றோடு உறவில்லாதது. இருக்கை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் வந்து, ஒலியால் மாத்திரம் ஒன்றுபட்டது.

நிற்க. நமது ‘பார்’ என்னுஞ் சொல் இதற்கு இளைத்ததன்று. நாட் பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், நாடி பார்க்கிறோம், கறிக்கு உப்புப் பார்க்கிறோம். இவற்றுள் எதனையும் வெறுமனே ‘சீ’ என்று பெயர்த்தல் இயலாது. நாடி பார்ப்பதை ஆங்கிலர் தொட்டுணர்தல் என்பர். உப்புப் பார்ப்பதைச் சுவைத்தல் என்பர். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு ‘லுக் ஆஃப்டர்’ என்னுந் தொடரை வழங்குவர்.

அங்ஙனமாயின் ‘சீ’ க்கும் ‘லுக்’ கிற்கும் வேற்றுமை யாது? மாணவர் பலர் இடர்ப்படும் இடம் இதுவே. விடையோ நம் வீட்டிலேயே உளது. திறப்பைத் தொலைத்தவன், “எல்லா இடமும் பார்த்தேன், காணவில்லை” என்கிறான். பார்த்தல் அவன் முயற்சி. காண்டல் அம்முயற்சியின் பயன். ஆங்கிலரது ‘லுக்’ நமது பார்த்தலுக்கும், ‘சீ’ நமது காண்டலுக்கும் பெரிதும் நெருங்கியவை. அசைவதொன்றையோ நிகழ்வதொன்றையோ தொடர்ந்து கவனித்திருத்தல் ‘வாட்ச்’ எனப்படும். இரவிற் பண்டகசாலையைக் காப்பவன் வாச்சர் எனப்படுதலை நினைவுகூர்க. காண்டல் முயற்சியன்றாதலின், ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் சீயிங்’ என மொழிபெயர்த்தல் பொதுவாகப் பிழையாம். ஆயினும், ‘நாளை வைத்தியரைச் சந்திக்கவிருக்கிறேன்’ என்னும் பொருளில் அவ்வடிவம் வரும்; அங்கே ‘சீ’ சந்தித்தலாகிய செயலைக் குறித்தலின் என்க.

சைவசித்தாந்த நூலார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். அங்கே முதலளவைக்குப் பெயர் ‘பார்த்தல்’ அன்று, ‘காண்டல்’ என்பது நோக்கற்பாலது. பார்த்தவன் காணாதிருத்தலுங் கூடும், கண்டவனே அறிந்தவன்.

ஆதலின், ஆங்கிலம் பயிலும் இளைஞர் ஒரு சொல்லுக்குத் தமிழ் யாது என்று வினவுவதோடு அமையாது, அச்சொல் அவ்விடத்து எச்செயலைக் குறிக்கின்றது என வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவப் பழகினோர்க்கு ஆங்கிலமும் வசமாகும். தாய்மொழியிற் கவனியாது விட்ட நுட்பங்களும் புலனாகும். அகராதியை மாத்திரம் நம்புவோர்க்கு யாழ்ப்பாணத்து அடுக்களையே தக்க பாடம் புகட்டும். வயிறார உண்டபின்னும் சோறிட வரும் தாயை நோக்கி, ‘போதும்’ என்னும் பொருளில் “காணும் அம்மா” என்று கையை மறிக்கிறோம். காண்டலுக்கு ஆங்கிலம் ‘சீ’ எனக் கற்றவன் அதனையே அங்கு மொழிவானாயின், அன்னமிட்ட கையை இகழ்ந்தவனாவான் அன்றோ?