பக்கத்து அறை அழைப்பு

சாந்தோமில் கடலோசை கேட்கும் அறையில் அமர்ந்திருந்தேன். சென்னையை அந்தமான் தீவுகளோடு இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடம் 2020-இல் இயங்கத் தொடங்கிற்று. என் மேசைமேலிருந்த ஒரே பெட்டிக்குள்ளோ இரண்டு சேவையகங்கள் பேச மறுத்தன! மறுநாட் காலை மாணவர்களுக்கு வேண்டிய நூலகப் பட்டியல் அவற்றில் ஒன்றில் இருந்தது.

ஒரு கணிப்பொறியே பல கணிப்பொறிகளாக இயங்குமாறு அமைப்பவை மெய்நிகர் சேவையகங்கள். ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு.

'இருக்கிறாயா?' என்று வினவும் 'பிங்' நிரலை 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். கடலுக்கடியில் எதிரொலி தேடும் கருவியின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. அதனைக்கொண்டு ஒரு குடித்தனத்திலிருந்து மற்றதை வினவினேன், விடை வந்தது. ஆகவே வழியில் பழுதில்லை. இதை முதலிலேயே செய்யாமல் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருந்தேன்!

தரவுத்தளம் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே செவிமடுத்திருந்தது. அம்முகவரிக்கு ஒவ்வொரு கணிப்பொறியிலும் 'நானே' என்று பொருள். அயலார் குரல் அங்கே எட்டாது. அமைப்புக் கோப்பில் உள்வலையின் முகவரியை எழுதினேன். எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0 என எழுதினாலும் வேலை நடந்திருக்கும். ஆனால் அது தெருக்கதவையும் திறந்துவிடக்கூடும். தரவுத்தளத்தை மீண்டும் தொடக்கினேன். பட்டியல் திரையில் வந்தது.