சர்க்கரை நார்மல், ரத்தக் குழாய்?

கடலூர் மாவட்டத்தின் மேற்கே மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மங்களூர் ஒன்றியத்திலும் சரி, பக்கத்து விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையிலும் சரி, “அம்மாவுக்குச் சுகர், எனக்கு இல்லை, டெஸ்ட் எடுத்துட்டேன், நார்மல்” என்ற பேச்சைச் சாதாரணமாகக் கேட்கலாம். சீட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டு சொல்வது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை மட்டுமே. ரத்தம் ஓடும் குழாயைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. பெயர் எண்டோதீலியம். பீங்கான் பொம்மையின் மேல் பூசும் கிளேஸ் போல வழவழப்பானது. ஆனால் சூளையில் வெந்த கிளேஸ் விரிசல் விட்டால் விட்டதுதான். இந்தப் படலம் உயிருள்ளது, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். குழாய் தளர்ந்து விரிய வேண்டிய நேரத்தில் இது நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சுரப்பைத் தூண்டுபவற்றில் இன்சுலினும் ஒன்று. சர்க்கரை நோயாளியின் பிள்ளைகளில் பலருக்கு இளவயதிலேயே உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுவதால் சர்க்கரை அளவு ஏறுவதில்லை, பரிசோதனையும் நார்மல் என்றே வரும். ரத்தக் குழாயோ அதற்குள் விரியும் திறனில் கொஞ்சம் இழந்திருக்கும்.

இதை அளக்கும் முறை எளிமையானது. முன்கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்கு ஐந்து நிமிடம் இறுக்கி வைப்பார்கள். பிறகு சட்டென்று தளர்த்துவார்கள். தேங்கிய ரத்தம் பாயும்போது முழங்கைக்கு மேலுள்ள தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். பாஸ்டன் ஜோஸ்லின் மையத்தின் கபயேரோ குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்கு நோய் இருந்து தமக்குச் சர்க்கரை இயல்பாக இருந்தவர்களிடமும் இந்த விரிவு குறைந்திருந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வு ஒரு திருத்தம் சொன்னது: உறவினர் எல்லோருக்கும் இப்படி இல்லை, இன்சுலினுக்கு உடல் மசியாதவர்களிடமே குறை தெரிந்தது. நம்பிக்கை தரும் செய்தி இதுதான். ரத்த உறவை மாற்ற முடியாது. இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க முடியும்.

குடும்ப வரலாற்றின் எடை எவ்வளவு? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2005இல் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணைப் போட்டுப் பார்க்கலாம். தொழிற்பேட்டையில் நாள் முழுதும் உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் தீட்டும், 36 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 20. அம்மாவுக்கு மட்டும் சுகர் என்பதால் 10. இடுப்புச் சுற்றளவு 84 சென்டிமீட்டர், அதற்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உழைப்பும் உட்கார்ந்த உழைப்பு, அதற்கு 30. மொத்தம் 70. 60ஐத் தொட்டாலே அதிக அபாயம். தினமும் நடக்கத் தொடங்கினால் 10 குறையும். இடுப்பு 80க்குக் கீழே இறங்கினால் இன்னொரு 10. ஆக, 50. அம்மா தந்த 10 மட்டும் அசையாது.

நடையும் உணவும் பலன் தருமா என்பதைச் சென்னையிலேயே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சோதித்தது. முடிவுகள் 2006இல் வந்தன. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டோரில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். நோயே வராமல் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

அப்படியானால் ரத்தக் குழாய் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இளவயதினர் பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பேன். கைப்பட்டைச் சோதனை ஆராய்ச்சிக்கு உகந்தது. முந்தைய காபியும் சிகரெட்டும் கூட முடிவை மாற்றிவிடும். அந்தப் பணத்துக்கு ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் பார்ப்பது மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் சிலருக்குத் தொடக்க ஏற்றம் பிடிபடும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரும்புச் சத்துக் குறைவால் சோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும், நம் பெண்களிடம் சோகை பரவலாக உண்டு.

பீடி பிடிப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். புகை அந்த உட்படலத்தை நேரடியாகவே தாக்கும். அதை முதலில் விட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் பிரஷர் பார்க்க வரும்போதோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும்போதோ, கேட்காவிட்டாலும் அப்பா அம்மாவில் யாருக்கு, எந்த வயதில் சுகர் வந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள்.