புதுப் புஷ் ஏன் சீக்கிரம் கிழிகிறது?

கார் சில வருடம் ஓடிவிட்டால் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வருவது இயல்புதான் என்று பலர் நினைக்கிறார்கள். திருவள்ளூரிலிருந்து திருப்பாச்சூர் வழியாகத் திருத்தணி போகிற சாலையில் தினமும் ஓடும் கார் என்றால் அந்த நினைப்பு இன்னும் உறுதிப்படும். லாரிப் போக்குவரத்து, ஊருக்கு ஊர் வேகத்தடை, மழைக்குப் பிறகு தோன்றும் பள்ளம் என்று காரணம் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் புதிதாகப் போட்ட சஸ்பென்ஷன் புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துபோனால் பழியைச் சாலை மீதோ, பொருளின் தரத்தின் மீதோ மட்டும் போட்டுவிட முடியாது. பல நேரங்களில் அதன் ஆயுள் போல்ட்டை இறுக்கிய நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினார்களா, கார் தன் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்தில் இறுக்கினார்களா என்பதுதான் கேள்வி. இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை, நிதானம் போதும். அந்த நிதானம் வீட்டில் வேலை செய்கிறவருக்கு எளிதில் வாய்க்கும்.

ஒரு சிறிய இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே இன்னோர் இரும்புக் குழாய். சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இருக்கும் புஷ் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கும். ரப்பர் இரண்டு குழாய்களோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் காரின் அடிச்சட்டத்தோடு இறுகி அசைவில்லாமல் நின்றுவிடும். வெளிக்குழாய் லோயர் ஆர்மோடு சேர்ந்து அசையும். உள்ளே எதுவும் சுழல்வதில்லை, வழுக்குவதும் இல்லை. சக்கரம் மேலேறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. எண்ணெய் விடத் தேவையில்லாத, சத்தம் போடாத இந்த இணைப்பை நம்பித்தான் இன்றைய கார்களின் சஸ்பென்ஷன் இருக்கிறது. இதே வட்டாரத்தில், திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1998 முதல் வந்த மிட்சுபிஷி லான்சரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பின்சக்கரங்களைப் பல சிறிய இணைப்புத் தண்டுகள் பிடித்திருந்தன. இத்தகைய அமைப்பில் தண்டு கூடக் கூடப் புஷ்களும் கூடும், தேய வாய்ப்புள்ள இடங்களும் கூடும். ஓட்டும் சுகம் அந்த ரப்பர் துண்டுகளின் நிலையைப் பொறுத்தது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். காரை ஜாக்கியில் தூக்கியதும் சக்கரம் கீழே தொங்குகிறது. ஆர்ம் சாய்ந்திருக்கும் அந்தக் கோணத்துக்கும், கார் தரையில் நிற்கும்போது உள்ள கோணத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். காரைக் கீழே இறக்கிய உடனே ரப்பர் 15 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. கார் வாசலில் சும்மா நின்றாலும் அந்த முறுக்கு விடுவதில்லை. வேகத்தடையில் சக்கரம் இன்னும் 10 டிகிரி மேலேறினால், சரியாக இறுக்கிய புஷ் 10 டிகிரிதான் முறுக்கும். தவறாக இறுக்கியது 25 டிகிரி முறுக்கும். ஒரே சாலை, ஒரே ரப்பர், ஒரே ஓட்டுநர். இருந்தும் ஒன்று பல ஆண்டு உழைக்கிறது, மற்றொன்று சீக்கிரமே ஒட்டு விட்டுப் பிரிகிறது.

ரப்பரின் வேதியியலும் இதையே உறுதிசெய்கிறது. காற்றில் உள்ள ஓசோன் இயற்கை ரப்பரைத் தாக்கி வெடிப்பு உண்டாக்கும். ஆனால் தளர்ந்து கிடக்கும் ரப்பரில் அந்த வெடிப்பு எளிதில் விழாது. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் இழுவிசைக்குக் குறுக்காகக் கோடு கோடாக விழும். எப்போதும் முறுக்கிலேயே இருக்கும் புஷ் ஓசோனுக்குத் தன்னைத் திறந்து வைத்திருக்கிறது. திருத்தணியில் கோடைதோறும் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தார்ச்சாலையின் சூடு அதைவிட அதிகம். என்ஜினிலிருந்து கசியும் ஆயில் பட்டால் ரப்பர் ஊறிப் பருத்து மெத்தென்று ஆகிவிடும். ஆக, சூடு, ஓசோன், ஆயில் ஆகிய மூன்றும் ரப்பருக்குப் பகை. நான்காவதாக நம் கையாலேயே நிரந்தர முறுக்கையும் சேர்ப்பது தவிர்க்கக்கூடிய தவறு.

இதைக் காரின் சொந்தக்காரரே ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால்தான். பிரிட்டனில் கார் மூன்று வயதை எட்டியதும் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. சஸ்பென்ஷன் புஷ்ஷின் தேய்மானமும் அதில் பார்க்கப்படும். நம் நாட்டில் வாடகை வண்டிக்கும் லாரிக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று எடுக்க வேண்டும். சொந்தக் காருக்கோ முதல் பதிவே 15 ஆண்டுக்குச் செல்லும். அத்தனை ஆண்டும் அடியில் குனிந்து பார்க்க வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. புஷ்ஷும் ஒரே நாளில் போய்விடுவதில்லை. மெல்ல மெல்லத் தளர்வதால் ஓட்டுகிறவருக்குப் பழகிவிடுகிறது. முன்டயரின் ஓரம் மட்டும் தேய்வது, பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பது, மெதுவாக வேகத்தடை ஏறும்போது மந்தமான இடிச்சத்தம் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நீளமான நெம்புகோலால் ஆர்மை மெதுவாக அசைத்துப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்திருந்தாலோ, ஆழமாக வெடித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். சில கார்களின் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அங்கே கசிந்த கறை தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

எல்லாப் புஷ்ஷையும் வீட்டில் மாற்றலாம் என்று சொல்வது பொறுப்பான பேச்சாகாது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் ரப்பரும் அதன் லிங்கும் முதல் படி. பல கார்களில் இவற்றைச் சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டே மாற்றிவிடலாம். இரண்டாவது படி, லோயர் ஆர்மையே முழுதாகக் கழற்றிப் புதியதைப் போடுவது. புதிய ஆர்ம் பெரும்பாலும் புஷ்ஷோடு வரும், பல கார்களில் பால் ஜாயிண்டும் சேர்ந்தே இருக்கும். பழைய ஆர்மிலேயே புதுப் புஷ் அடிக்க வேண்டுமென்றால் ஆர்மை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குப் போவதே சரி. சுத்தியலால் அடித்து ஏற்றினால் குழாய் நெளியும், ரப்பரின் ஒட்டும் கெடும். பின் ஆக்சில் முழுவதையும் இறக்கிச் செய்ய வேண்டிய வேலை, சுருள்வில் நேராக ஆர்மின் மீது அமர்ந்திருக்கும் அமைப்பு, டார்ஷன் பார் உள்ள வண்டி ஆகிய மூன்றும் பட்டறைக்கே உரியவை. அமுங்கியிருக்கும் வில்லிலும் முறுக்கிய தண்டிலும் உள்ள விசை விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. ஷாக் அப்சார்பரின் தலையில் உள்ள நடு நட்டையும் வீட்டில் தொடக்கூடாது.

தொடங்குவதற்கு முன்பே ஒரு அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து எழுதிக்கொண்டால் போதும். கடைசியில் போல்ட்டை இறுக்க வேண்டிய உயரம் அதுதான். காரோடு வரும் சிறிய ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி அடியில் நுழையவே கூடாது. சிமெண்டுத் தரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் எடையை ஜாக் ஸ்டாண்டின் மீது இறக்கிய பிறகே கழற்றத் தொடங்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதைந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுவது நல்லது, அது ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டெபிலைசர் ரப்பரை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் என்ஜின் ஆயிலும் ஆகாது. சில புஷ்களின் ரப்பரில் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருப்பார்கள். பழையது எந்தத் திசை பார்த்து இருந்ததோ அதே திசையில் புதியதும் அமர வேண்டும் என்பதால் கழற்றும்போதே குறியிட்டுக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி விட்டு, சக்கரத்தின் பக்கம் இன்னொரு ஜாக்கி கொடுத்து, காரை ஸ்டாண்டிலிருந்து கிளப்பிவிடாமல், எழுதி வைத்த உயரம் வரும்வரை மெதுவாக ஏற்ற வேண்டும். சக்கரத்தோடு சாய்தள மேடையில் ஏற்றி நிறுத்த முடிந்தால் அது இன்னும் நல்லது. அந்த உயரத்தில்தான், அந்தக் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில் அனுபவமில்லாதவர் கை வைக்கலாமா என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம். அதனால்தான் மேலே எல்லை வகுத்தோம். ஆனால் வேலையைப் பட்டறைக்கே விட்டாலும் இந்த அறிவு வீணாகாது. லிப்டில் ஏற்றிய வண்டியில் நான்கு சக்கரமும் தொங்கும். அவசரத்தில் அப்படியே இறுக்கிவிட்டு இறக்கிவிட வாய்ப்பு உண்டு. அனுபவம் நிறைந்த கையிலும் அவசரம் புகுந்தால் ரப்பர் முறுக்கில்தான் நிற்கும். சாலையே மோசம், எப்படிப் போட்டாலும் போகத்தானே போகிறது என்பது இரண்டாவது மறுப்பு. கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. சக்கரம் அதிகம் ஏறி இறங்கும் சாலையில்தான் முன்கூட்டியே ஏறிய முறுக்கு கூடுதல் சேதம் செய்யும். மோசமான சாலையில் ஓடுகிறவர் இதில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போட்டால் தொல்லை தீருமே என்பது மூன்றாவது மறுப்பு. அது ஆயிலைத் தாங்கும், சீக்கிரம் வெடிக்காது என்பது உண்மைதான். அவற்றில் பல உள்குழாயைச் சுற்றி வழுக்கித் திரும்புவதால் முறுக்குப் பிரச்சினையும் குறைவு. ஆனால் அது ரப்பரைவிடக் கடினம். சாலையின் அதிர்வைக் காருக்குள் கொண்டுவரும். உரிய சிலிக்கோன் கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். வேகப் போட்டிக்கு ஓட்டுகிறவருக்கு அது பொருந்தலாம். குடும்பத்தோடு திருத்தணி மலைக்குப் போய்வரும் காருக்கு நல்ல தரமான ரப்பரே ஏற்றது. சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் ஒரே காருக்குப் பல விலையில் புஷ் கிடைக்கும். மிக மலிவானதை எடுப்பதும் சிக்கனம் ஆகாது. பொருள் நன்றாக இருந்து இறுக்கம் தவறினாலும், இறுக்கம் சரியாக இருந்து பொருள் போலியாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் உங்கள் காரின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். நீங்களே மாற்றப் போகிறீர்கள் என்றால் உயரத்தை அளந்து எழுதிய பிறகே முதல் போல்ட்டைத் தொடுங்கள். மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள் என்றால், “அண்ணே, வண்டிய கீழ எறக்கி, எடை ஏறின பிறகு புஷ் போல்ட்ட டைட் பண்ணுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படி இறுக்கிய புஷ் இதே சாலையில் அதிக காலம் உழைக்கும்.