அலகு ஒன்று, விலை ஒன்று, சுமை வேறு

ஊர்காவற்றுறைக்கு மின்சாரம் யாழ்ப்பாணத்திலிருந்து கம்பிவழி வருகிறது. அதே துறையில் படகேறி அனலைதீவில் இறங்கினால் கதை வேறு. அங்கே டீசல் ஜெனரேற்றர் ஓடினால்தான் விளக்கு எரியும். அந்த டீசலும் கடல் கடந்தே போகவேண்டும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இதே நிலைதான். உற்பத்திச் செலவு இப்படி மாறினாலும், நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்பதால் கொழும்பு வீடும் நெடுந்தீவு வீடும் ஓர் அலகுக்கு ஒரே விலையே கொடுக்கின்றன. இது நியாயமான ஏற்பாடு.

கட்டணம் ஏறியபோது அடி சமமாக விழவில்லை. மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டைப் பாருங்கள். 2022 ஓகஸ்ட்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயுமாக பில் 105 ரூபாய். ஓகஸ்ட்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300! இரண்டு உயர்வுகளையும் சராசரியாக 75, 66 சதவீதம் என்றே அறிவித்தார்கள். சேர்த்துப் பார்த்தால் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஏழை வீட்டுக்கோ பன்னிரண்டு மடங்கு. பின்னர் விலை குறைந்தது உண்மை. அந்த மாதங்களில் பட்ட கடனை அது அடைக்கவில்லை.

கடைக்காரர் பாடு முன்பே கடினம். பழைய கட்டணத்தில் சிறிய ஐஸ் தொழிற்சாலைக்கு அலகு 10.80 ரூபாய், மீனையும் சோடாவையும் குளிரில் வைக்கும் சிறு கடைக்கு 18.30.

டீசலைக் குறைக்க வழி இருக்கிறது. மூன்று தீவுகளுக்கும் சூரிய, காற்று மின்திட்டத்தை 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுத்தார்கள். இந்தியா எதிர்த்தது, ஆண்டு முடிவதற்குள் சீனத் தரப்பு வேலையை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தாக 2024 மார்ச் ஆகிவிட்டது. 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, இவற்றோடு மின்கலத் தொகுதி என்பது திட்டம். இரு வல்லரசுகளின் இழுபறியில் போன அந்த மூன்று வருடமும் தீவுகளில் டீசலே எரிந்தது.

2024ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்திருக்கிறது. கணக்குகள் பிரியும்போது, தீவுக்கு ஆகும் செலவைத் தீவாரே கட்டட்டும் என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கு இடம்கொடுக்கக் கூடாது. ஒரே விலை நிலைக்கவேண்டும். அதோடு தீவுகளின் சிறு கடைகளுக்குத் தொழிற்சாலைக் கட்டணமாவது தரவேண்டும்.