பைக்கின் உயரத்தைக் குறைப்பது எப்படி?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் வழக்கமான இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவர்களுக்குக் கால் எட்டாது. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி சாயத் தொடங்கினால், நுனிக்காலால் தாங்க முடியாது.

பின் ஷாக் அப்சார்பரின் இணைப்புத் தகடுகளை நீளமானவையாக மாற்றினால் பின்பக்கம் இறங்கும். அதோடு நிறுத்தினால் ஃபோர்க்கின் சாய்வு கூடி, ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினாலோ, வேகத்தில் வண்டி அலைபாயக்கூடும். ஆகவே ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப்பில் மேலே நகர்த்தி, இரு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் இறக்க வேண்டும்.

பலரும் மறப்பது சைடு ஸ்டாண்டை. அதையும் குட்டையாக்காவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும். வண்டி தாழ்வதால் வேகத்தடையில் அதன் அடிவயிறும் இடிக்கக்கூடும். ஆகவே முதலில் இருக்கையின் ஃபோமைக் குறைத்துப் பார்ப்பதே நல்லது என்பேன்.